தகரக் கூரை வீட்டுக்கு எந்தப் புகை அலாரம் வாங்கலாம்?

கேள்வி: தோட்டத்து வீட்டில் வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். புகை அலாரம் மாட்டலாம் என்று நினைக்கிறேன். எந்த வகை நல்லது, எங்கே மாட்டுவது?

போட்டோஎலெக்ட்ரிக் வகையை வாங்குங்கள். கூரை தகரமாக இருந்தால் சீலிங்கில் மாட்டாதீர்கள், உட்சுவரில் மாட்டுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வயரிங் வேலை பார்க்கிறேன். அம்மா இன்னும் பழைய தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். ஒரு நாள் ராத்திரி கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் ஏற்றி வைத்திருக்கிறார். போர்வை நுனி அதில் பட்டு, இலவம்பஞ்சு மெத்தைக்குள் நெருப்பு இறங்கிவிட்டது. தீச்சுவாலையே இல்லை, வெறும் கங்கு. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பிய பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஜன்னலில் புகையைப் பார்த்துக் கதவைத் தட்டினார். தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடுகிறது. புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. அம்மா இருமிக்கொண்டே எழுந்து கிரில் பூட்டின் சாவியைத் தேடியிருக்கிறார். அந்தச் சாவி சாமி மேடையில் இருந்தது. பிழைத்தது பெரிய விஷயம்.

கடையில் இரண்டு வகை அலாரம் கிடைக்கும். ஒன்று அயனி வகை. உள்ளே துளியளவு அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். குபீரென்று பிடித்து எரியும் தீயை இது கொஞ்சம் முந்திக் கண்டுபிடிக்கும். மற்றது போட்டோஎலெக்ட்ரிக். உள்ளே சின்னதாக ஓர் ஒளிக்கதிர் ஓடும். புகைத் துகள் பட்டு அந்த ஒளி சிதறினால் கத்தும். மெத்தை, சோபா, துணி மூட்டை எல்லாம் கனன்று விடும் கெட்டியான புகையை இதுதான் சீக்கிரம் பிடிக்கும். கொசுவத்தியும் குத்துவிளக்கும் இருக்கும் நம் வீடுகளில் எனக்குப் பயம் இந்தக் கங்குத் தீயைப் பற்றித்தான். அதோடு, மிளகாய் தாளிக்கும்போது அயனி வகை அளவுக்கு இது தொல்லை கொடுக்காது. அது சின்ன விஷயமில்லை. தினமும் சும்மா கத்தினால் யாராக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார்கள்.

பெட்டியில் இஎன் 14604 அல்லது யூஎல் 217 தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே போடாத மலிவுச் சரக்கு வேண்டாம். பின்புறம் தயாரித்த தேதி இருக்கும். அதிலிருந்து 10 வருஷம்தான் ஆயுள், அப்புறம் முழுசாக மாற்ற வேண்டும். பெற்றோர் தனியாக இருப்பதால் 10 வருஷ லித்தியம் பேட்டரி உள்ளேயே அடைத்து வரும் அலாரம் நல்லது. 9 வோல்ட் பேட்டரி போடும் வகை என்றால், சார்ஜ் குறையும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச் கீச் என்று கூப்பிடும். வயதானவர்கள் ஏணி போட்டு ஏறிவிடுவார்கள். அதுவே ஓர் ஆபத்து.

அடுத்தது இடம். புகை மேலே போகும், அதனால் சீலிங் நடுவில் மாட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. தகரக் கூரை வீட்டில் வெயில் ஏறினால் கூரைக்கு அடியில் சூடான காற்று ஒரு படலமாக நின்றுவிடும். கங்குத் தீயின் புகையில் அவ்வளவு சூடு இருக்காது, அதனால் அந்தப் படலத்தைத் தாண்டி மேலே ஏறாமல் கீழேயே தங்கிவிடும். அலாரமும் பெரும்பாலும் 38 டிகிரி வரைதான் தாங்கும் என்று போட்டு வரும். மத்தியானம் தகரத்தடியில் அது பத்தாது. அம்மா அறையில் பிளைவுட் சீலிங் இருக்கிறது. அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே, வெயில் படாத உட்சுவரில் மாட்டினேன். பொதுவாக 10லிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். சுவர் மூலை வேண்டாம். விசிறி இறக்கையின் நுனியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று புகையைத் தள்ளிவிடும்.

அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். சாமி மேடைக்கு நேர் மேலே வைத்தால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு நிச்சயம் கத்தும். சமையலறைக்கு உள்ளேயே வேண்டுமென்றால் வெப்ப அலாரம் தனியாகக் கிடைக்கும். சுமார் 58 டிகிரியில் கத்தும். படுக்கையறைக்கு அது உதவாது, சூடு அந்த அளவு ஏறுவதற்குள் அறை புகையால் நிறைந்துவிடும். கேஸ் கசிவையும் புகை அலாரம் கண்டுபிடிக்காது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும். அதற்கான கருவி வேறு, அதைத் தரைக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும்.

முதலில் அறைக்கு வெளியே நடையில் மட்டும் ஒன்று மாட்டியிருந்தேன். அம்மா கதவைச் சாத்தி, விசிறியை முழு வேகத்தில் விட்டுத் தூங்கும் நேரத்தில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எழவில்லை. 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் என்றாலும், அந்தக் கீச்சுக் குரல் வயதான காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. அதனால் அறைக்குள் இன்னொன்று மாட்டி, வயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகையாக மாற்றினேன். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். காது ரொம்ப மந்தம் என்றால் 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி அலாரம் தேடிப் பாருங்கள். உங்கள் பெற்றோரும் தூங்கும்போது ஒரு தடவை சோதித்துவிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

பூச்சியும் எறும்பும் உள்ளே போனாலும் சும்மா கத்தும், அவ்வப்போது மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அம்மா துடைப்பக் கட்டையால் நின்ற இடத்திலிருந்தே அழுத்துகிறார். கிரில் சாவி இப்போது கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழே இங்கத்து அவசர எண் 999 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.