கல்லில் விழும் கடல்

அன்புள்ள ஐயா,

போன மாதம் புதுச்சேரியில் ஒரு ஒலிக்கலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். இருட்டறையில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் காட்டுச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உருகிப்போனார்கள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தேவனாம்பட்டினத்தில் தினமும் அலைச் சத்தத்தில் தூங்கி எழுகிறவன் நான். ரெக்கார்டர் வைத்திருக்கும் யாரும் செய்யக்கூடிய இதில் கலை எங்கே இருக்கிறது?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

உங்கள் வீட்டுக்குக் கேட்கும் அலைச் சத்தம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'ஓ' என்ற இரைச்சல் என்பதைத் தாண்டி எனக்கு ரொம்ப நாள் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ஒரு விடியற்காலை உங்கள் கரையிலும், மறுநாள் அதே நேரம் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் பதிந்து வந்து, இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். உங்கள் கரையில் அலை உடைந்த பிறகு நீர் மணலில் வடிந்து இறங்கும் நீண்ட 'ஸ்ஸ்' ஒன்று இருக்கிறது, அடுத்த அலை வரும்வரை இழுத்துக்கொண்டே போகிறது. புதுச்சேரியில் பாறைகள் குவிந்த இடத்தில் அது இல்லை. தொம்மென்று ஒரு மோதல், பிறகு கல் இடுக்குகளில் தண்ணீர் மாட்டிக்கொண்டு களக் களக்கென்று புரளும் சத்தம், அவ்வளவுதான்.

அந்த 'ஸ்ஸ்' எங்கே போனது? நம் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கட்டிய தடுப்புச்சுவர் அதை மறித்தது, வடக்கே நகரத்துக் கரை அரித்துப்போனது, சாலையைக் காப்பாற்றப் பாறாங்கற்களை மேலும் மேலும் கொட்டினார்கள். (அண்மையில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது.) இதெல்லாம் எப்போதோ படித்ததுதான், ஆனால் காதில் விழுந்தபோதுதான் ஒரு கடற்கரையையே இழந்திருக்கிறோம் என்று உறைத்தது.

பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1988இல் கலிபோர்னியாவில் லிங்கன் மெடோ என்ற இடத்தில், மரம் வெட்டத் தொடங்குமுன் விடியல் நேரத்தைப் பதிந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெட்டுவோம், காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று வெட்டுகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். மறுவருடம் அவர் திரும்பிப் போனபோது போட்டோவில் காடு அப்படியே இருந்தது. பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் மிஞ்சியிருந்தன.

மைக்கை எங்கே வைப்பது, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எதை விடுவது, இதில்தான் கலை இருக்கிறது. இசையமைப்பாளர் அன்னியா லாக்வுட் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றை ஊற்றிலிருந்து கடல் வரைக்கும் பல இடங்களில் பதிந்து, 1982இல் ஒரு ஒலி வரைபடமாகவே ஆக்கினார். உங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றை யாராவது இப்படிச் செய்ய மாட்டார்களா என்று எனக்குப் பல வருட ஆசை. காட்டுச் சத்தத்தில் புல்லாங்குழலைக் கலந்து தூக்கத்துக்கென்று விற்கிறார்களே, அதை நான் இதில் சேர்க்க மாட்டேன். எந்த ஊர், எந்த நேரம் என்றே தெரியாத சத்தத்தில் எதைக் கேட்பது?

நீங்களே ஒருநாள் படகு மோட்டார்கள் கிளம்புமுன் கரைக்குப் போய்ப் பத்து நிமிடம் பதிந்து பாருங்கள், போனே போதும். மைக் பக்கம் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றுதான் விழும், கடல் விழாது. கெடிலம் கடலில் சேரும் இடத்தில் கிடைத்தால் அதை முதலில் எனக்கு அனுப்புங்கள்.