‘தௌ’ மரியாதைச் சொல்லா?

1611 ஆங்கில பைபிளில் கடவுளை ‘தௌ’ (thou) என்று அழைப்பதால் அது ‘தேவரீர்’ போன்ற சொல்தானே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது வெறும் ‘நீ’. அன்றைய பேச்சில் மரியாதை கொடுக்க ஒருவரைக்கூட ‘யூ’ (நீங்கள்) என்பார்கள். 1603இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே மீதான ராஜதுரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே ‘தௌ’ போட்டுத் திட்டினார்.

பைபிளில் இந்த மரியாதைக் கணக்கே கிடையாது. ஒருமைக்கு ‘தௌ’, பன்மைக்கு ‘யீ’ (ye), ‘யூ’, அவ்வளவுதான். கடவுளுக்கும் ‘தௌ’, சாத்தானுக்கும் ‘தௌ’! லூக்கா 22:31-32ஐப் பாருங்கள், இயேசு தன் சீடன் பேதுருவிடம் பேசுகிறார். சாத்தான் புடைத்தெடுக்க அனுமதி கேட்டது ‘யூ’வை, அதாவது சீடர்கள் எல்லோரையும். இயேசு வேண்டிக்கொண்டது ‘தீ’க்காக (‘தௌ’வின் வேற்றுமை வடிவம்), பேதுரு ஒருவனுக்காக. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே ‘யூ’ ஆகிவிடும். தமிழ் பைபிளில் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று சரியாகவே இருக்கிறது.