கிம்னாசியும் என்றால் ஜிம் இல்லை, தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. தை மாதம் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வருகிறோம், மகள் மூன்றாம் வகுப்பு, வாடகை எவ்வளவு ஆகும், குக்கர் கொண்டுவரலாமா, ஜெர்மன் படித்தே ஆக வேண்டுமா, பாதிச் சொற்கள் ஆங்கிலம் மாதிரியேதானே இருக்கின்றன, சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை உங்கள் ஆபீஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். குக்கரைக் கொண்டுவாருங்கள், கேஸ்கட் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலம் மாதிரி இருக்கிற சொல்தான் கழுத்தை அறுக்கும். தெரியாத சொல்லாக இருந்தால் நாலு பேரிடம் கேட்போம். தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டோம்.

நாங்கள் ஜெர்மனியின் தெற்கு மாநிலமான பவேரியாவுக்கு வந்தது 2011-இல். என் மகனும் அப்போது மூன்றாம் வகுப்புதான். அடுத்த வருஷம், நான்காம் வகுப்பில், பெற்றோர் ஒவ்வொருவராக வந்து ஆசிரியையைப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். கணவர் வெளியூரில் இருந்ததால் நான் மட்டும் போனேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி, முழங்கால் மேசையில் இடித்தது. எனக்காக அந்த அம்மா மெதுவாகத்தான் பேசினார். ஒரு தாளில் மூன்று பள்ளிகளின் வகையை எழுதி, ஒன்றின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, தலையை லேசாக ஆட்டினார். எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிற அதே சொல். ஜிம்னாசியம் என்று படித்தேன். பையனுக்கு விளையாட்டு, உடற்பயிற்சி வராது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "பரவாயில்லை, எங்களுக்கு அது தேவையில்லை, அவன் நன்றாகப் படித்தால் போதும்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஏதோ குறித்துக்கொண்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெர்மனில் அதைக் கிம்னாசியும் என்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கொண்டுபோகிற பள்ளி அது. அதை முடித்து எழுதுவதுதான் அபிட்டூர் பரீட்சை. உடற்பயிற்சிக் கூடத்துக்கு இங்கே டுர்ன்ஹாலே என்று வேறு சொல் இருக்கிறது. பவேரியாவில் நான்காம் வகுப்பு மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால் கிம்னாசியும், 2.66 வரை என்றால் ரியால்ஷூலே என்கிற பத்தாம் வகுப்பு வரையான இடைநிலைப் பள்ளி, அதற்கு மேல் போனால் தொழில் பழகுவதற்குத் தயார்செய்கிற மிட்டல்ஷூலே. ஒன்றுதான் இங்கே உயர்ந்த மதிப்பெண், ஆறு கடைசி. பத்து வயதுப் பிள்ளை, தம்பி. அதில் ஒன்றரை வருஷமாகத்தான் இந்த மொழியையே கேட்கிற பிள்ளை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் தமிழ்க் கடையில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. எண்பதுகளின் கடைசியில் வந்தவர், உணவகங்களில் பாத்திரம் கழுவிக்கொண்டே மொழி படித்தவர். பிப்ரவரி மாதம், அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது பேச்சுவாக்கில் சொன்னேன், பையனுக்கு ஜிம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று. மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ பிள்ளை, அது கம்பஸுக்குப் போற பள்ளிக்கூடமெல்லோ!" என்றார். வாசலிலேயே நிற்கவைத்து, பில்லின் பின்பக்கத்தில் முழுப் பள்ளி அமைப்பையும் வரைந்து காட்டினார்.

அவருடைய தம்பி சுவிட்சர்லாந்தில் லோசானில் இருக்கிறார். அந்த வோ மாநிலத்தில் பேசுவது பிரெஞ்சு. அங்கே ழிம்னாஸ் என்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி. ஏரியைத் தாண்டி பிரான்சுக்குள் போனால் அதே சொல், அதே மொழி, ஆனால் அர்த்தம் விளையாட்டுக் கூடம்! அந்த அளவு பள்ளிக்குப் பிரான்சில் லிசே என்று பெயர். என் கணவரோடு வேலை செய்த கிரேக்கர் ஒருவர் மகள் யிம்னாசியோவில் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னபோது நான் பெரிதாக வாழ்த்தினேன். கிரீஸில் அது பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளும் போகிற நடுநிலைப் பள்ளியாம். அதற்குப் பிறகுதான் லிக்கியோ என்கிற மேல்நிலைப் பள்ளி. ஸ்வீடனில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிறகு வரும் மூன்று வருஷப் படிப்பு, தொழிற்கல்வி படிக்கிறவர்களும் அதே பெயருக்குள் அடக்கம். போலந்தில் 1999-இல் அந்தப் பெயரில் மூன்று வருஷ நடுநிலைப் பள்ளி கொண்டுவந்து, 2017-இலிருந்து அதையே கலைக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கிரேக்கர்தான் மூலத்தையும் சொன்னார். கிரேக்கத்தில் கிம்னோஸ் என்றால் நிர்வாணம். அந்தக் காலத்து ஆண்கள் ஆடையில்லாமல் உடற்பயிற்சி செய்த இடம் கிம்னாசியோன். ஏதென்ஸ் ஊருக்கு வெளியே இருந்த அப்படிப்பட்ட பயிற்சி இடங்களில்தான் ஆசிரியர்களும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். பிளேட்டோ பாடம் நடத்திய அகாடமி அப்படி ஓர் இடம், அரிஸ்டாட்டிலின் லைசியம் இன்னொன்று. லிசே, லிக்கியோ எல்லாம் அந்த லைசியத்திலிருந்து வந்தவை. ஆங்கிலக்காரர் உடம்பை எடுத்துக்கொண்டார், ஜெர்மன்காரர் படிப்பை எடுத்துக்கொண்டார். ஆங்கிலம் வழியாக உலகத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இன்னொரு பாதி இருப்பதே தெரியவில்லை.

"ஐடி வேலைக்கு இங்கிலீஷே போதும்" என்று சொல்கிற நம் ஊர்க்காரர்கள் உங்களுக்கு நிறையப் பேர் கிடைப்பார்கள். ஆபீஸுக்குள் அது உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்திலும் டாக்டரிடமும் மனைவியைத் தனியாக விட்டுவிட்டுப் பேசுகிற பேச்சு அது. பத்து வருஷம் இருந்தும் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த அக்கா தலைமுறையிடம் நாம் படிக்க வேண்டியது இருக்கிறது. பட்டம் இல்லாமல் வந்தவர்கள் நிறையப் பேர், ஆனால் எந்த அலுவலகத்திலும் தங்கள் காரியத்தைத் தாங்களே பேசி முடிப்பார்கள். நான் அந்த மார்ச்சிலேயே மாலை வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் பி2 முடித்தேன், சரளமாகப் பேசுகிற அளவு மொழித் தேர்வு அது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்டது நான்தான்.

மகனுக்குச் சராசரி 2.66 வந்தது, ரியால்ஷூலேக்குப் போனான். கதவு மூடிவிட்டது என்று அழுதேன், மூடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து, ஃபாக்ஓபர்ஷூலே என்கிற தொழில்சார் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்து, ஹோக்‌ஷூலேயில் சேர்ந்தான். ஊரில் சித்தப்பா போனில் அதைக் கேட்டுவிட்டு, இந்த வயதில் இன்னும் ஹைஸ்கூலா என்று வருத்தப்பட்டார். சொல்லைப் பிரித்தால் அப்படித்தான் வரும், ஆனால் இங்கே அது கல்லூரி. வருகிற வருஷம் எஞ்சினியராக வெளியே வருகிறான். சுற்று வழி, அவ்வளவுதான். ஆனால் எது நேர் வழி, எது சுற்று என்று தெரிந்து நாங்கள் தேர்ந்தெடுத்த வழி அல்ல அது.

அதனால் மகளின் பள்ளியில் கேட்க வேண்டியதை முதல் வாரமே கேளுங்கள். முதல் வகுப்பிலிருந்து இங்கே படிக்காத பிள்ளைகளுக்குப் பவேரியாவில் சராசரியில் சலுகை உண்டு, எனக்கு அது சான்றிதழ் வந்த பிறகுதான் தெரிந்தது. சராசரி வராவிட்டால் மூன்று நாள் சோதனை வகுப்பில் உட்காரவும் வழி இருக்கிறது. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப் பள்ளியே ஆறு வருஷம், பிள்ளைக்கு இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும். முடிவைப் பெற்றோரிடமே விடுகிற மாநிலங்களும் உண்டு. எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. வீடு பார்ப்பதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள், தம்பி.