கோலக்கா கிராலர் செய்யலாமா? பைரேட் டெக்குகளிடம் தோற்றுக்கொண்டிருக்கும் வாசகருக்கு

கேள்வி: ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டில், பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் வைல்டு ஃபார்மேட்டில் பீஸ்ட் (மிருகக் கார்டுகள்) ஹன்டர் டெக் ஆடுகிறேன். ஒரு வாரமாக எங்கே திரும்பினாலும் பைரேட் டெக்தான். ஐந்தாவது டர்னுக்குள் என் கதை முடிந்துவிடுகிறது. கையில் 520 டஸ்ட் (கார்டு செய்ய உதவும் விளையாட்டுப் பணம்) இருக்கிறது. களத்தில் ஒரு பைரேட்டைக் கொன்று +1/+1 பெறும் கோலக்கா கிராலர் இரண்டு செய்தால் 200 போகும். 2 மானாதானே (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை), மலிவான கார்டுதானே, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாமா? இல்லை, டஸ்ட் செலவே இல்லாத ஆசிடிக் ஸ்வாம்ப் ஊஸ் போதுமா?

பதில்: இன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள். இன்னும் 30 ஆட்டம் ஆடி, அதில் எத்தனை பைரேட் டெக் வந்தது என்று எழுதிவையுங்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் கிராலரே வேண்டாம். மூன்று, நான்கு, ஐந்து என்றால் ஒன்று செய்யுங்கள். ஆறைத் தொட்டால் இரண்டு. உங்கள் டெக்கை வைத்துப் பார்த்தால் ஒன்றில் வந்து நிற்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன். நாளைக்கு வேறொரு கவுன்ட்டர் கார்டு (ஒரு குறிப்பிட்ட வகை டெக்குக்கு எதிராக வைக்கும் கார்டு) முன்னால் வந்து நிற்கும்போதும் இதே கணக்குதான் உதவும்.

முதலில் டஸ்ட் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். கிராலர் ரேர் கார்டு. செய்ய 100 டஸ்ட், உடைத்தால் 20 திரும்பும். அதாவது முடிவு தப்பானால் ஒரு கார்டுக்கு 80 நஷ்டம். இதே வேலையை மர்லாக்குகளுக்கு எதிராகச் செய்யும் ஹங்க்ரி கிராப் எபிக் என்பதால் 400 கேட்கும், உடைத்தால் 100தான் வரும். அதோடு ஒப்பிட்டால் கிராலர் மலிவுதான். செய்யும் முன் உங்கள் கலெக்‌ஷனில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். கிராலர் 2017 ஏப்ரலில் வந்த ஜர்னி டு உன்கோரோ தொகுப்பின் கார்டு. அந்த பேக்குகளை எப்போதாவது பிரித்திருந்தால் ஒன்று ஏற்கெனவே அங்கே கிடக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கவுன்ட்டர் கார்டை எடைபோடும்போது எல்லோரும் அது ஜெயிக்கும் காட்சியைத்தான் மனதில் ஓட்டிப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அது வேலை செய்யாமல் போகும் ஆட்டத்தை. எதிரே மேஜ் இருக்கிறார், பிரீஸ்ட் இருக்கிறார், பைரேட் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு இந்தக் கார்டு என்ன?

கிராலர் அன்றைக்கு 2 மானாவுக்கு 2/3 (2 அட்டாக், 3 ஹெல்த்) உடம்பு. எந்தத் திறனும் இல்லாத ரிவர் க்ரோகோலிஸ்க் என்ற பழைய அடிப்படைக் கார்டும் அதேதான். அதாவது குறி தப்பினாலும் கொடுத்த மானாவுக்கு உடம்பு மிஞ்சுகிறது. இது பெரிய விஷயம். ஹங்க்ரி கிராப் குறி தப்பினால் 1 மானாவுக்கு 1/2, நல்ல ஒரு மானா கார்டுகளுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. உங்களுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. கிராலர் ஒரு பீஸ்ட். களத்தில் ஒரு பீஸ்ட் இருந்தால் கில் கமாண்ட் 3-க்குப் பதில் 5 அடிக்கும். ஹவுண்ட்மாஸ்டர் அதன் மேல் +2/+2 ஏற்றி டான்ட்டும் (எதிராளி முதலில் அதைத்தான் அடித்தாக வேண்டும் என்ற திறன்) கொடுக்கும். இதே கார்டை ஒரு பிரீஸ்ட் ஆட்டக்காரர் டெக்கில் வைத்தால் அது வெறும் 2/3. உங்களிடம் அது டெக்கின் மற்ற கார்டுகளோடு சேர்ந்து இழுக்கிற மாடு.

இப்போது குறி பட்ட ஆட்டத்தைப் பார்ப்போம். எதிராளி முதலில் ஆடுகிறார். முதல் டர்னில் ஒரு பைரேட்டை இறக்குகிறார், உடனே டெக்கிலிருந்து பேட்சஸ் என்ற இன்னொரு பைரேட் 1/1 ஆகக் குதித்து வருகிறது. மூன்றாவது டர்னில் சவுத்ஸீ கேப்டன் வருகிறார்: 3 மானா, 3/3, மற்ற பைரேட்டுகள் எல்லாவற்றுக்கும் +1/+1. உங்கள் மூன்றாவது டர்னில் 2 மானா கொடுத்துக் கிராலரை இறக்கிக் கேப்டனைக் குறிவைக்கிறீர்கள். கேப்டன் போனார். அவர் ஏற்றிவைத்திருந்த +1/+1 மற்ற பைரேட்டுகளிடமிருந்து இறங்கிவிட்டது. உங்கள் பக்கம் 3/4 உடம்பு நிற்கிறது. 3/4 என்பது வழக்கமாக 3 மானாவுக்குக் கிடைக்கும் உடம்பு. எதிராளியின் 3 மானா கார்டைக் கொன்றதையும் சேர்த்தால், 2 மானாவுக்கு 6 மானா வேலை நடந்திருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஒருமுறை இப்படி நடந்துவிட்டால் அந்தக் கார்டை டெக்கிலிருந்து எடுக்கவே மனம் வராது. அந்த ஒரு காட்சியை வைத்து மதிப்பு போடாதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஏனென்றால் இந்தக் கார்டின் விலை 2 மானாவும் இல்லை, 100 டஸ்ட்டும் இல்லை. 30 கார்டு டெக்கில் அது பிடிக்கும் இடம்தான் விலை. கிராலர் உள்ளே வர ஒரு கார்டு வெளியே போக வேண்டும். அந்தக் கார்டு எல்லா ஆட்டத்திலும் உங்களுக்கு உழைத்துக்கொண்டிருந்த கார்டு.

கணக்காகப் பார்ப்போம். விளக்குவதற்காக நானாக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. பைரேட்டுகளுக்கு எதிராக 100-க்கு 40 ஜெயிக்கிறீர்கள், இரண்டு கிராலர் போட்டால் 52 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற டெக்குகளுக்கு எதிராக, வெளியே போன நல்ல கார்டுகளால் 100-க்கு 2 வெற்றி குறைகிறது. 100 ஆட்டத்தில் 20 பைரேட் வந்தால் அங்கே 2.4 வெற்றி லாபம், மீதி 80-இல் 1.6 நஷ்டம். நிகரம் 0.8. அதே 100-இல் 10 பைரேட்தான் வந்தது என்றால் லாபம் 1.2, நஷ்டம் 1.8. கையைக் கடிக்கிறது. இரண்டும் சமமாகும் இடம் 100-க்கு 14 பக்கம், ஏறக்குறைய ஏழு ஆட்டத்துக்கு ஒன்று.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். கிராலர் பீஸ்ட் என்பதால் மற்ற ஆட்டங்களில் உங்கள் நஷ்டம் 2 இல்லை, 1தான் என்று வையுங்கள். சமமாகும் இடம் 14-லிருந்து 8 பக்கம் இறங்கிவிடுகிறது. பைரேட்டுக்கு எதிரான பலன் கொஞ்சமும் கூடவில்லை. குறி தப்பிய நாளின் நஷ்டம் பாதியானது, அவ்வளவுதான். கவுன்ட்டர் கார்டில் நான் குறி தப்பிய உடம்பை முதலில் பார்ப்பதற்கு இதுதான் காரணம். மேலே சொன்ன ‘30-க்கு மூன்று’ என்ற எல்லையும் இந்த 8-ஐ ஒட்டி வைத்ததுதான்.

அப்புறம், கார்டு கைக்கு வர வேண்டும். முதலில் ஆடுபவர் ஆரம்பக் கையின் மூன்று கார்டையும் மல்லிகனில் (ஆட்டத் தொடக்கத்தில் கார்டுகளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு) தூக்கிப் போட்டுத் தேடினால்கூட, மூன்றாவது டர்னுக்குள் கிராலர் வரும் வாய்ப்பு டெக்கில் இரண்டு இருந்தால் 50 சதவீதம், ஒன்று இருந்தால் 29 சதவீதம். இரண்டாவதாக ஆடினால் நான்கு கார்டு பார்ப்பதால் இது முறையே 59, 35 ஆகும். நல்ல ஒரு மானா கார்டைக் கையில் வைத்துக்கொண்டீர்கள் என்றால் இவை இன்னும் இறங்கும். ஆக, பைரேட் 20 சதவீதம் உலவும் லேடரில் (தரவரிசை ஆட்டங்களில்) முதலில் ஆடுபவருக்கு இரண்டு கிராலர் நேரத்துக்கு வந்து உதவுவது 100-க்குப் பத்து ஆட்டத்தில். ஒன்று என்றால் ஆறில். இந்த ஆறுக்கும் பத்துக்கும் நடுவே உள்ள நான்கு ஆட்டத்துக்காக இரண்டாவது இடத்தைக் கொடுப்பதா என்பதுதான் உங்கள் இரண்டாவது 100 டஸ்ட் கேள்வி.

‘எங்கே திரும்பினாலும் பைரேட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன், ஆனாலும் எண்ணிப் பாருங்கள். வேகமான டெக்கிடம் தோற்பது மற்றத் தோல்விகளைவிட அதிகம் வலிக்கும், கையில் இருந்த கார்டுகளை இறக்கக்கூட விடாமல் முடித்துவிடுவதால் மனதில் தங்கிவிடும். வலித்த ஆட்டங்கள் நினைவில் பெருகும். கம்ப்யூட்டரில் ஆடினால் டெக் டிராக்கர் தானாகவே குறித்துக்கொள்ளும். போனில் ஆடினால் ஒரு நோட்டுப் போதும். கிளாஸை (மேஜ், ரோக் போன்ற ஹீரோ வகையை) எழுதாதீர்கள், டெக்கை எழுதுங்கள். ரோக் என்றாலே பைரேட் இல்லை. 30 ஆட்டம் சிறிய எண்ணிக்கைதான், ஒன்றிரண்டு முன்னே பின்னே போகும். ஆனால் ஒரு வாரத்து எரிச்சலை நம்புவதைவிட எவ்வளவோ மேல்.

அந்த 30 ஆட்டத்தையும் சும்மா ஆட வேண்டாம். இங்கேதான் உங்கள் ஊஸ் கேள்வி உதவுகிறது. டஸ்ட் செலவில்லாத ஊஸ் ஒன்றை, கிராலருக்காக நீங்கள் காலி செய்ய நினைக்கும் அதே இடத்தில் வைத்து ஆடுங்கள். 2 மானா கார்டை எடுத்துவிட்டு 2 மானா கார்டையே வையுங்கள், அப்போதுதான் மானா வரிசை குலையாது. அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது மற்ற ஆட்டங்களில் எவ்வளவு உறைக்கிறது என்று காசில்லாமல் தெரிந்துவிடும்.

ஊஸே போதுமா என்றால், அது வேறு வேலைக்கான கார்டு. 2 மானா, 3/2, எதிராளியின் ஆயுதத்தை உடைக்கும். குறி தப்பினாலும் பிளட்ஃபென் ராப்டர் என்ற வெறும் கார்டுக்குச் சமம். வாரியர், ரோக், பாலடின், டீமன் ஹன்டர் என்று ஆயுதம் பிடிக்கும் கிளாஸ்கள் நிறைய இருப்பதால் குறி படும் வாய்ப்பு கிராலரைவிட அகலம். ஆனால் ஆழம் குறைவு. ஆர்கனைட் ரீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 மானா, 5/2 (5 அட்டாக், இரண்டு அடி). எடுத்த அதே டர்னில் அது ஒரு அடி அடித்துவிடும். நீங்கள் உடைப்பது மீதியுள்ள ஒரு அடியைத்தான். பைரேட் டெக்குகளில் ஆரம்ப ஆயுதம் இன்னும் சின்னது. ரஸ்டி ஹுக் 1/3, அதை உடைத்து என்ன பெரிதாக மிச்சம்? சவுத்ஸீ டெக்ஹேண்டின் சார்ஜ் (இறங்கிய உடனே அடிக்கும் திறன்) போல ஆயுதத்தை நம்பி நிற்கும் சில பைரேட்டுகள் வலுவிழக்கும், அது நல்லதுதான். ஆனால் களத்தில் ஏற்கெனவே நிற்கும் கூட்டம் அப்படியே இருக்கும், 2 ஹெல்த் உள்ள ஊஸ் அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்காது. பைரேட்டுதான் உங்கள் பிரச்சினை என்றால் 3 ஹெல்த்தோடு வந்து 4 ஆகும் கிராலர் தெளிவாக மேல். வாரியர், பாலடின் எனப் பலவிதமான ஆயுத டெக்குகள் கலந்து வருகின்றன என்றால் ஊஸ்.

மலிவான கவுன்ட்டர் கார்டு எப்போது உண்மையிலேயே மலிவு என்பதற்கு இந்த விளையாட்டிலேயே பழைய உதாரணம் பிக் கேம் ஹன்டர். 3 மானா, 4/2, அட்டாக் 7 அல்லது அதற்கு மேல் உள்ள மினியனை (களத்தில் நின்று சண்டையிடும் கார்டை) கொல்லும். 7 மானாவுக்கு 7/7 ஆக வரும் டாக்டர் பூம் எல்லா டெக்கிலும் இருந்த காலத்தில் இதற்குக் குறி தப்புவதே அரிது. பெரிய மினியன்களை யாரும் நம்பி வைக்க முடியாத நிலை வந்தது. 2016 ஏப்ரலில் ப்ளிஸார்ட் அதை 5 மானா ஆக்கியது. கார்டின் திறன் மாறவில்லை, உடம்பும் மாறவில்லை. ஆனால் 5 மானாவுக்கு 4/2 என்பது குறி தப்பினால் தாங்க முடியாத உடம்பு. அதன் பிறகு எந்த டெக்கிலும் யோசிக்காமல் வைக்கும் கார்டாக அது இருக்கவில்லை.

கடைசியாக, கிராலரைச் செய்துவிட்டால் எப்படி ஆடுவது. இரண்டாவது டர்னில் எதிரே வெறும் பேட்சஸ் 1/1 மட்டும் நிற்கிறது, கையில் கிராலர். அடிப்பதா, கேப்டனுக்காகக் காத்திருப்பதா? கையில் வேறு நல்ல 2 மானா கார்டு இருந்தால் அதை இறக்கிவிட்டுக் காத்திருங்கள். இல்லையென்றால் அடித்துவிடுங்கள். இரண்டாவது டர்னில் 3/4 நின்றாலே சின்னப் பைரேட்டுகளுக்கு வழி அடைபடும், வேகமான டெக்குக்கு எதிராக ஒரு டர்னைச் சும்மா விடுவது கேப்டனைவிட ஆபத்து. ஷிப்ஸ் கேனனைப் பார்த்து ஏமாறாதீர்கள். பைரேட் டெக்கில் வந்தாலும் அது பைரேட் இல்லை, கிராலரால் தொட முடியாது. அதற்குக் கில் கமாண்டையோ வேறு அடியையோ மிச்சம் வையுங்கள். இன்னொன்று: கிராலரின் பேட்டில்க்ரை (இறக்கும்போது நடக்கும் திறன்) உங்களுடையது, எதிராளியுடையது என்று பார்க்காது. எங்கிருந்தோ உங்களுக்கு ஒரு பைரேட் கிடைத்து, களத்தில் அது ஒன்றுதான் பைரேட் என்றால், கிராலரை இறக்கும்போது அதைத்தான் குறிவைத்தாக வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் முதலில் உங்கள் பைரேட்டை எதிராளியின் மினியனோடு மோதவிட்டு, அது செத்த பிறகு கிராலரை இறக்குங்கள்.