பழைய பேஸ்பால் கார்டு விற்பவரை நம்பலாமா? கேள்வி-பதில்

கே: என் பதினொரு வயது மகனுக்கு பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை, பைத்தியம். போன வாரம் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கார்டு ஷோவில் ஒருவர் டாப்ஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டு வைத்திருந்தார். தரச்சான்று வாங்காத வெறும் கார்டு. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. 400 டாலர் சொல்லி, இன்னொருவரும் கேட்டிருப்பதால் மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். ஆள் நல்லவராகத்தான் தெரிந்தார். (எடிசன், நியூ ஜெர்ஸி)

ப: ஆள் நல்லவராகத் தெரிவது அவர் தொழிலில் பாதி. அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும், உங்களுக்கு அவசரமில்லை.

அடுத்த முறை கார்டைக் கையில் எடுப்பதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "இதை கார்டுக்குத் தரமிடும் நிறுவனங்களான பிஎஸ்ஏவுக்கோ எஸ்ஜிசிக்கோ அனுப்பி, அவர்கள் போலி என்றோ தேய்மானத்தை மறைக்க ஓரம் வெட்டியது என்றோ திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவீர்களா? பில்லில் எழுதித் தருவீர்களா?" கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். வருஷக்கணக்கில் அதே ஷோவில் அதே மேஜையில் உட்காருகிறவர் பேனாவை எடுப்பார். மற்றவர் உங்களுக்கு நம்பிக்கையைப் பற்றிப் பாடம் நடத்துவார். அப்புறம், "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். எழுபது வருஷப் பழைய அட்டையில் குறை இல்லாமல் இருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இதோ, இங்கே ஒரு மடிப்பு, மேலிருந்து பார்த்தால் தெரியாது" என்று தானே காட்டுகிறவரிடம் நான் இரண்டாவது கார்டும் வாங்குவேன்.

கார்டைப் பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. அதே 1956 வரிசையில் யாரும் சீந்தாத ஒரு ஆட்டக்காரரின் கார்டைச் சில டாலருக்கு வாங்கி உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைத்தால் அட்டையின் கனம், பின்பக்கத்தின் நிறம், பளபளப்பு எல்லாம் தானே பேசும். அளவு 2⅝க்கு 3¾ அங்குலம் இருக்க வேண்டும். 1957இல்தான் டாப்ஸ் இன்றைய 2½க்கு 3½ அளவுக்கு வந்தது, பழைய கார்டுகளின் மறுபதிப்புகள் பலவும் இந்தச் சின்ன அளவில்தான் கிடைக்கும். 1952 வரிசையை டாப்ஸே 1983இல் மறுபதிப்பு என்று பின்பக்கத்தில் அச்சிட்டு வெளியிட்டது. அந்த வரியைச் சுரண்டிவிட்டு விற்கிற புண்ணியவான்களும் உண்டு. ஒரு லூப், அதாவது நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ், வாங்கிக்கொள்ளுங்கள். அசலில் கறுப்பு எழுத்து இடைவெளி இல்லாத மையாக நிற்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும்.

இன்னொன்று, 1956 மேன்டில் பளிச்சென்ற நிலையில் 400 டாலருக்குக் கிடைக்காது. உங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கிறது என்று உங்கள் பையனைக் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

கே: ஆன்லைன் விற்பனையாளர். 99.8 சதவீதம் நல்ல மதிப்பீடு. போதுமா? (டாலஸ்)

ப: போதாது. மிச்சம் 0.2 சதவீதம் பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அந்த 99.8இல் எத்தனை பேர் அவரிடம் இரண்டு டாலர் பிளாஸ்டிக் உறை வாங்கியவர்கள் என்றும் பாருங்கள்.

கே: ஃபேஸ்புக் குழுவில் பழக்கமான ஒருவர், கட்டணம் மிச்சமாகும் என்று பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியில் பணம் அனுப்பச் சொன்னார். 1,150 டாலர் அனுப்பினேன். கார்டு வரவில்லை, ஆளும் குழுவில் இல்லை. பேபால் கைவிரிக்கிறது. என்ன செய்யலாம்? (சான் ஹோசே)

ப: அவர் உங்கள் நண்பரா, குடும்பமா? இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இதையே எழுதுகிறேன். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பொருளுக்கும் சேவைக்குமான வழியில் அனுப்பியிருந்தால் 180 நாள்வரை முறையிடலாம். நாற்பது டாலர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் 1,150 டாலர் போயிற்று. எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3இல் புகார் பதியுங்கள், உரையாடலை அழிக்காமல் வையுங்கள். பேபால் பணம் கிரெடிட் கார்டிலிருந்து போயிருந்தால் கார்டு வங்கியிடமும் இன்றே பேசுங்கள். திரும்ப வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கே: பிஎஸ்ஏ தரமிட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த ராபர்ட்டோ க்ளெமென்டே கார்டு. சான்று எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. வாங்கிய பிறகு நண்பர் ஒருவர் பெட்டியே போலி என்கிறார். கடைக்காரர், "நானும் அப்படித்தான் வாங்கினேன்" என்கிறார். என் முட்டாள்தனமா? (அட்லாண்டா)

ப: இல்லை ஐயா. நீங்கள் பெரும்பாலானவர்கள் செய்யாததைச் செய்திருக்கிறீர்கள். திருடன் ஒரு படி மேலே போயிருக்கிறான், அவ்வளவுதான். எங்கோ ஒருவர் பீரோவில் இருக்கும் உண்மையான கார்டின் எண்ணை எடுத்துப் போலிப் பெட்டியின் லேபிளில் அடித்துவிடுகிறார்கள். தளத்தில் எண் கிடைக்கும், ஏனென்றால் எண் உண்மை. பல எண்களுக்கு அங்கே படமும் இருக்கும். அந்தப் படத்தையும் உங்கள் கையில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். நான்கு பக்க வெள்ளை ஓரங்களின் அகலம், மூலையில் உள்ள தேய்மானம், அச்சில் தெறித்த ஒரு மைப்புள்ளி, இவை கைரேகை மாதிரி, இரண்டு கார்டுக்கு ஒன்றாக அமையாது.

கடைக்காரர் எப்படி வாங்கினார் என்பது அவர் தலைவலி. போலியை விற்றவர் பணத்தைத் திருப்ப வேண்டும். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். தபாலில் வந்திருந்தால் அமெரிக்கத் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கும் எழுதுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பல கடைக்காரர்களுக்கு ஞாபகசக்தி திரும்பிவிடும்.

கே: பெரிய ஏல நிறுவனத்தில் வாங்கினால் பயமில்லைதானே? (சிகாகோ)

ப: உலகத்திலேயே பேர்போன கார்டு, டி206 என்ற பழைய சிகரெட் கார்டு வரிசையில் வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருடையது. அதில் ஒன்றை 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்ட கார்டும் அதுதான், 10க்கு 8. அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். தன் ஏலங்களில் போலிக் கேட்பு வைத்து விலை ஏற்றியதற்காக 2015இல் அவருக்கு 20 மாதச் சிறை. பயப்படுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கே: ஒரு விற்பனையாளர், "தாத்தா இறந்த வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது, எனக்குக் கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், திருப்பி எடுக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். நேர்மையாகப் பேசுகிறாரே? (ராலே)

ப: இந்த வாசகத்தைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாதாம். ஆனால் படத்தை மங்கிய வெளிச்சத்தில், சற்றுச் சாய்வாக எடுக்கத் தெரியும். அளந்து பார்க்க முடியாதபடி நாலு மூலையிலும் திருகாணி போட்ட கனத்த பிளாஸ்டிக்கில் அடைக்கத் தெரியும். சந்தை விலையில் எத்தனை சதவீதம் குறைத்தால் உங்கள் கை துறுதுறுக்கும் என்றும் தெரியும். 'அசல்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எங்கும் எழுதாமல் இருக்க மிக நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை எழுதினால் பொய், பொய் என்றால் மோசடி. அவர் முன்பு விற்றவற்றைத் திறந்து பாருங்கள், மூன்று மாதத்தில் ஆறு தாத்தாக்கள் இறந்திருப்பார்கள். போலி நாணயத்தில் நகல் என்றும், போலித் தேர்தல் பேட்ஜில் அது தயாரான வருஷத்தையும் குறிக்க வேண்டும் என 1973இலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. விளையாட்டு கார்டு அந்தச் சட்டத்துக்குள் வராது. இந்த ஆட்கள் குடியிருப்பது அந்தச் சந்தில்தான்.

பரணில் புதையல் கிடைப்பதே இல்லை என்று சொல்லவில்லை. 2012இல் ஒஹையோவின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு வீட்டுப் பரணில் 1910ஆம் ஆண்டு வாக்கிலான சுமார் 700 கார்டுகள் புதுக்கருக்கு மாறாமல் கிடைத்தன. அந்தக் குடும்பம் என்ன செய்தது? நிபுணரிடம் காட்டி, தரமிடக் கொடுத்து, அப்புறம் ஏலத்துக்கு விட்டது. உண்மையிலேயே புதையல் கிடைத்தவர் அதைத்தான் செய்வார், இரவு பதினொரு மணிக்கு உங்களிடம் 300 டாலருக்குத் தள்ள மாட்டார்.

இவ்வளவு பேசுகிற நானும் ஏமாந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி" என்கிற தோரணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் 1971 டாப்ஸ் நோலன் ரயன் ஒன்றை 180 டாலருக்கு வாங்கினேன். அந்த வரிசைக்குக் கறுப்பு ஓரம், லேசாக உரசினாலும் வெள்ளை தெரிந்துவிடும். இதில் மூலை நாலும் கன்னங்கரேல். வீட்டுக்கு வந்து மேஜை விளக்கில் பார்த்தால் மூலைக் கறுப்பு மட்டும் ஊதா அடித்தது. பக்கவாட்டில் திருப்பினேன், அட்டையின் வெட்டு விளிம்பிலும் மை ஊறியிருந்தது. அசலில் மை மேற்பரப்பில்தான் இருக்கும், விளிம்பு அட்டை நிறத்தில் இருக்கும். மார்க்கர் பேனா வேலை. அடுத்த மாதம் போனேன், அதே பெரியவர், அதே கதை. இந்த முறை மாமனார் பெட்டி.

கே: பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து, 600 டாலர். நம்பகச் சான்றிதழும் தருகிறார்கள். (ஃபீனிக்ஸ்)

ப: சான்றிதழை அடித்தவர் பந்தை விற்பவரேதானே? 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் எஃப்பிஐ போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலே கிடைத்தது. அதை வேண்டுமானால் வாங்குங்கள், சிரிக்கவாவது உதவும்.

கே: 1980களின் கடைசி, 90களின் தொடக்கத்துப் பிரிக்காத கார்டுப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. விற்பவர் நேர்மையானவர், பழக்கமானவர். குழந்தைகள் படிப்புக்கு முதலீடாக வாங்கி வைக்கலாமா? (டொரான்டோ)

ப: விற்பவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்த வருஷங்களில் அச்சடித்துக் குவித்தார்கள், எல்லோரும் முதலீடு என்று பிரிக்காமல் வைத்தார்கள். என் கராஜில் 14 பெட்டி இருக்கிறது. வாங்கிக்கொள்கிறீர்களா?