இசைக்கருவி கேள்வி பதில்: ஃபெல்ட் பிக் எதற்குப் பொருந்தும்?

கேள்வி: என் மகள் யுகுலேலே (கிட்டார் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட சிறு கருவி) கற்று வருகிறாள். தொடர்ந்து மீட்டுவதால் ஆள்காட்டி விரலின் நகத்தோரம் தோல் உரிந்து எரிகிறது. கடையில் பிளாஸ்டிக் கிட்டார் பிக் (தந்தியை மீட்ட விரல்களுக்கிடையே பிடிக்கும் சிறு தகடு) கொடுத்தார்கள். ஆசிரியரோ ஃபெல்ட் பிக்தான் வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் அப்படி என்ன வேறுபாடு?
வாசகி, திருச்சி

பதில்: ஆசிரியர் சொல்வதே சரி. ஃபெல்ட் என்பது நெய்த துணியன்று. கம்பளி இழைகளை ஈரமும் சூடும் சேர்த்து அழுத்தி, ஒன்றோடொன்று சிக்கவைத்துச் செய்யும் கெட்டியான பொருள். அதை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்தில் பிக் வடிவத்துக்கு வெட்டுகிறார்கள். பிளாஸ்டிக் பிக்கின் மெல்லிய ஓரம் தந்தியைக் குறுகிய ஓரிடத்தில் பற்றி இழுத்து விடுவதால், தந்தி அவ்விடத்தில் கூர்மையாக வளைந்த நிலையிலிருந்து விடுபடுகிறது. அந்தக் கூர்மையே உயர்ந்த மேற்சுரங்களை (அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல்நிலைச் சுரங்களை) மிகுதியாக எழுப்பி ஒலியைப் பளிச்சென்று ஆக்குகிறது. பிக் தந்தியில் மோதும் 'டிக்' ஒலியும் உடன் சேர்ந்துகொள்கிறது. ஃபெல்ட்டின் அகன்ற, நெகிழ்ந்து கொடுக்கும் ஓரம் தந்தியைச் சற்றே பரந்த இடத்தில் தொடுவதால் வளைவு மழுங்குகிறது, மேற்சுரங்கள் அடங்குகின்றன, அடிச்சுரம் முன்னே நிற்கிறது. பியானோவின் சுத்தியல்களுக்கு ஃபெல்ட் போர்த்துவதும் இதே கணக்கில்தான். முன்பு தோல் போர்த்தி வந்த சுத்தியல்களுக்கு ஃபெல்ட்டைப் பயன்படுத்த 1826-இல் பாரிஸில் ழான் ஆன்ரி பாப் காப்புரிமை பெற்றார்.

1879-இல் மதேராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்த போர்த்துகீசியர் கொண்டுவந்த சிறு கருவியிலிருந்து உருவானது யுகுலேலே. முதலில் குடல் தந்தி, பிறகு நைலான் தந்தி என்று மென்மையான தந்திகளையே கட்டி, பெரும்பாலும் வெறும் விரலால் மீட்டி வளர்ந்த கருவி அது. ஆகையால் விரலின் சதைக்கு நெருக்கமான ஒலி தரும் ஃபெல்ட் அதன் இயல்போடு ஒத்துப்போகிறது. தவிர, யுகுலேலேயின் மேற்பலகை மிக மெல்லியது. கிட்டாரில் இருப்பதுபோல் கீறலைத் தடுக்கும் தகடு பெரும்பாலான யுகுலேலேக்களில் இருப்பதில்லை. பழகாத கையில் இருக்கும் பிளாஸ்டிக் பிக் மரத்தில் கோடு போட்டுவிடும்.

ஆயினும் பிக் வாங்குவதற்கு முன் மகளின் கையைக் கவனியுங்கள். மணிக்கட்டைத் தளர்த்தாமல் முழங்கையிலிருந்து வீசி மீட்டினாலோ, விரலைத் தந்திகளுக்குள் ஆழமாகச் செலுத்தினாலோ தோல் உரியும். கீழ்நோக்கி மீட்டும்போது நகத்தின் முதுகு தந்திகளின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். மீட்டும் இடமும் ஒலித்துளைக்கு மேலாக அல்லாமல் கழுத்து உடலோடு சேரும் பகுதியை ஒட்டி இருக்க வேண்டும். புண் ஆறும்வரை பிக் உதவட்டும். அதையே நிரந்தரமாக்கினால், விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து மீட்டும் உருட்டல் அவளுக்குப் பழகாமலே போய்விடும். யுகுலேலேயின் அழகில் பாதி அந்த உருட்டலில் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: புதிய ஃபெல்ட் பிக் விறைப்பாக இருக்கிறது, தந்தியில் சிக்கி இழுக்கிறது. துகளும் உதிர்கிறது. குறையுள்ள பொருளா?
வாசகர், மதுரை

பதில்: குறையன்று. முனையை விரல்களால் கசக்கி, முரட்டுத் துணியில் சிறிது தேய்த்தால் இணங்கிவிடும். பிக்கைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சிக்காது. துகள் உதிர்வது ஃபெல்ட்டின் குணம். மென்மையான தூரிகையால் துடைத்துக்கொள்ளலாம். கைவினைக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஃபெல்ட் தாளை வெட்டிப் பயன்படுத்த எண்ணாதீர்கள், அது துவண்டுவிடும்.

கேள்வி: உலோகத் தந்திக் கிட்டாரிலும் வீணையிலும் இதைப் பயன்படுத்தலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: பேஸ் கிட்டாரில் விரலால் மீட்டியது போன்ற உருண்ட ஒலி வேண்டுவோர் ஃபெல்ட் பிக்கைப் பயன்படுத்துகின்றனர். அங்கும் கம்பி சுற்றிய தந்திகளின் மேடுபள்ளங்கள் அரம்போல் ஃபெல்ட்டை அராவிவிடும். தட்டையான சுற்றுள்ள தந்திகளில் அது கூடுதல் நாள் உழைக்கும். சாதாரண உலோகத் தந்திக் கிட்டாரில் ஒலி மந்தமாகிவிடும் என்பதால், அக்கம்பக்கத்தார் உறங்கும் நேரத்துப் பயிற்சிக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

வீணைக்கு வேண்டவே வேண்டாம். ஒருமுறை மீட்டிய பின் அந்த அதிர்வு அடங்குவதற்குள் தந்தியை மெட்டின் (வீணையின் தண்டில் பதித்த உலோகக் கட்டையின்) மேல் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களைக் கமகமாகக் காட்ட வேண்டியிருப்பதால், வீணையில் தொடக்க ஒலி தெளிவாகவும் கார்வை (ஒலி நீடித்து நிற்கும் நேரம்) நீளமாகவும் இருக்க வேண்டும். ஃபெல்ட் இரண்டையும் குறைக்கும். அன்றியும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொடும் கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிக்கைப் பிடிக்க இடமேது? நகம் தேய்கிறதென்றால், விரல்களில் மாட்டிக்கொள்ளும் கம்பி மீட்டியே அதற்குரியது. விரலுக்கு அளவாக இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.