கிளார்க்கா, ரீஸா, பெக்கர்ஸா? டபிள்யூஎன்பிஏ இளம் ஸ்டார்ஸ் பத்தி உங்க கேள்வி, என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா விடிகாலை 4.30க்கு அலாரம் வெச்சு எழுந்து டபிள்யூஎன்பிஏ, அதாவது அமெரிக்க பொண்ணுங்க பாஸ்கெட்பால் லீக் மேட்ச் பாக்கறவ நான். அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் சாயங்காலம் 7 மணின்னா நமக்கு அந்த நேரம்தான். நானும் ஸ்கூல், காலேஜ்ல ஆடினவ, எப்பவும் ரிங்குக்கு கீழதான் நின்னேன். உங்க கேள்வில முடிஞ்ச வரைக்கும் எடுத்திருக்கேன், நம்பர் எல்லாம் 2025 சீசன் முடிய இருக்கற கணக்கு.

கேள்வி: அக்கா, நேரா சொல்லுங்க. கெய்ட்லின் கிளார்க், ஏஞ்சல் ரீஸ், ரெண்டு பேர்ல யாரு பெஸ்ட்?

தம்பி, இந்த கேள்விதான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஆனா ரெண்டு பேரும் ஒரே வேலை பண்ணலயே. கிளார்க் பாயிண்ட் கார்டு, பந்தை மேல கொண்டு வந்து ஆட்டத்தையே நடத்தற ஆள். ரீஸ் ஃபார்வர்டு, ரிங்குக்கு கீழ முட்டி மோதி பந்தை புடுங்கற ஆள். ஓப்பனரையும் விக்கெட் கீப்பரையும் ரன்னை வெச்சு மட்டும் ஒப்பிட்டா எப்படியோ அப்படித்தான் இதுவும்.

2024 ரூக்கி (முதல் வருஷ) சீசன்ல கிளார்க் ஒரு மேட்சுக்கு சராசரி 19.2 பாயிண்ட், 8.4 அசிஸ்ட் (டீம்மேட் பாயிண்ட் போட வழி பண்ற பாஸ்). சீசன் மொத்தம் 337 அசிஸ்ட், அதுவரைக்கும் லீக் வரலாற்றுலயே அதிகம். ரீஸ் 13.6 பாயிண்ட், 13.1 ரீபவுண்ட் (மிஸ் ஆகி தெறிச்ச பந்தை புடிக்கறது), அந்த ரீபவுண்ட் சராசரியும் லீக் ரெக்கார்டுதான். ரூக்கி ஆஃப் தி இயர் ஓட்டு 67ல 66 கிளார்க்குக்கு, மிச்ச ஒண்ணு ரீஸுக்கு.

நான் ஒரு ஆளை எடை போட பாக்கறது ஒரே விஷயம்தான்: இவங்க கோர்ட்டுல இருக்கறதால எதிர் டீம் எதை மாத்திக்கறாங்க? கிளார்க் நடுக்கோடு தாண்டி ரெண்டு அடி வெச்சாலே எதிராளி ஓடி வந்து ஒட்டிக்கணும், விட்டா அங்கேருந்தே த்ரீ (தூரத்து மூணு பாயிண்ட் ஷாட்) போட்டுருவா. அப்படி ஒருத்தி மேல ஏறி வர்றப்ப பின்னாடி எவ்ளோ இடம் காலியாகுது பாருங்க, கூட ஆடற அலியா பாஸ்டன் அந்த காலி இடத்துக்குள்ள ஓடுவா, பந்து கையில வந்து விழும், ரிங்குக்கு கிட்ட சுலபமா ஒரு லே-அப் ஷாட். இது பாயிண்ட் கணக்குல கிளார்க் பேர்ல வராது, ஆனா அந்த இடத்தை உண்டாக்கினது அவதான். டீம் கட்ட இன்னைக்கு ஒரே ஒருத்தரை எடுன்னா நான் கிளார்க்கைத்தான் எடுப்பேன், ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்.

கேள்வி: ரீஸ் தானே மிஸ் பண்ணி தானே ரீபவுண்ட் எடுத்து நம்பரை ஏத்திக்கறாங்கன்னு சொல்றாங்களே?

இது கேட்டா எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கும். முதல் சீசன்ல ரிங்குக்கு பக்கத்துலயே நிறைய மிஸ் பண்ணாங்க, ஷூட்டிங் 39 சதவீதம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனா மிஸ் ஆன பந்து சும்மா கையில வந்து உக்காராதுங்க. ஷாட் விட்டு காலை கீழ வெச்ச உடனே, எதிராளி முட்டியை மடக்கி எம்பறதுக்குள்ள, ரீஸ் ரெண்டாவது தடவை எம்பிருப்பாங்க. ஸ்லோ மோஷன்ல பாருங்க, பக்கத்துல இருக்கறவங்க இன்னும் தரையில நிப்பாங்க. அந்த ரெண்டாவது எம்பு எல்லாருக்கும் வராது, நான் வருஷக்கணக்கா முயற்சி பண்ணியும் எனக்கு வரல.

பத்துல ரெண்டு மூணு வேணா தன் மிஸ்ஸா இருக்கும்னு வைங்க, மிச்சம் எல்லாம் மத்தவங்க விட்டது. தொடர்ந்து 15 மேட்ச் டபுள்-டபுள், அதாவது பாயிண்ட்டும் ரீபவுண்டும் ரெண்டும் பத்தோ அதுக்கு மேலயோ, அதுவும் லீக் ரெக்கார்டு. 2025ல ஷூட்டிங் 45 சதவீதத்துக்கு மேல ஏறிருச்சு, ரீபவுண்ட்ல மறுபடியும் லீக்ல முதல் இடம். "மீபவுண்ட்"னு (மீ, ரீபவுண்ட் ரெண்டையும் சேத்து, தன் மிஸ்ஸை தானே எடுக்கறாங்கன்னு) கேலி பண்ண பேரையே அவங்க ட்ரேட்மார்க் கேட்டு விண்ணப்பிச்சாங்க, அந்த தைரியம் எனக்கு ரொம்ப புடிச்சது.

கேள்வி: கிளார்க் நிறைய பந்தை தொலைக்கிறாளே, அதை ஏன் யாரும் பேசல?

பேசணும், கரெக்ட். 2024ல 223 டர்ன்ஓவர், அதுவும் ஒரு சீசன் ரெக்கார்டுதான். ஒரு காரணம் பந்து எப்பவும் அவ கையிலயே இருந்தது, இன்னொண்ணு அவ பாஸ் போடற வேகத்துக்கு டீம்மேட்ஸ் முதல் ரெண்டு மாசம் பழகல, கையில பட்டு தெறிச்சு போன பந்தெல்லாம் அவ கணக்குலதான் ஏறுச்சு. ஆனா ரெண்டு பேர் வந்து மறிச்சா பொறுமையா பின்னாடி எடுக்காம கஷ்டமான பாஸையே தேடற பழக்கம் அவளுக்கு உண்டு. அது மாறணும்.

கேள்வி: பேஜ் பெக்கர்ஸ் பத்தி சொல்லுங்க அக்கா. என் ஓட்டு அவங்களுக்குதான்.

என் மனசும் அங்கதான்மா. பாக்க அழகான ஆட்டம்னா இப்போ பெக்கர்ஸ்தான். 2025 டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா எடுக்கறது) டல்லஸ் விங்ஸ் முதல் ஆளா எடுத்தாங்க, அதே வருஷம் யூகான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) டீமோட காலேஜ் சாம்பியன்ஷிப் ஜெயிச்சுட்டுதான் வந்தாங்க. ரூக்கி சராசரி கிளார்க் மாதிரியே 19.2 பாயிண்ட்! அசிஸ்ட் 5.4. ஆனா பாயிண்ட் ஒண்ணா இருந்தாலும் வந்த வழி வேற. கிளார்க் தூரத்துல இருந்து, பெக்கர்ஸ் நடுத்தர தூரத்துல இருந்து. ஸ்க்ரீனை (எதிராளியை மறிச்சு நிக்கற டீம்மேட்டை) தாண்டி ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு பக்கம் வந்து திடீர்னு நிப்பாங்க, எதிராளி ஒரு அடி தாண்டி போயிடுவா, இவங்க அவசரமே இல்லாம எம்பி ஷாட். அந்த நிக்கறதுதான் வித்தையே.

ஆகஸ்ட் 20, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ் மேட்ச் பாத்தீங்களா? 44 பாயிண்ட், 21 ஷாட்ல 17 உள்ள. 1997ல சிந்தியா கூப்பர் அடிச்ச ரூக்கி ரெக்கார்டை சமன் பண்ணாங்க. அப்படி ஆடியும் கடைசி நொடியில கெல்சி பிளம் ஒரு பாஸ்கெட் போட்டு 81-80ன்னு டல்லஸ் தோத்துச்சு. நான் காபி டம்ளரை வெச்ச இடத்துலயே வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

கேள்வி: டல்லஸ் 44 மேட்ச்ல 10தான் ஜெயிச்சது. தோக்கற டீம்ல யாரும் நம்பர் எடுக்கலாமே?

நியாயமான சந்தேகம்தான் சார். ஆனா தோக்கற டீம்ல எடுக்கற சும்மா நம்பர்னா ஷூட்டிங் சதவீதம் கீழ போகும், பந்து அதிகமா தொலையும். பெக்கர்ஸுக்கு ரெண்டும் நடக்கல. டீம்ல காயத்துக்கு ஆள் மாறிக்கிட்டே இருந்த நிலைமையில அது பெரிய விஷயம். கிளார்க்குக்கு வந்த உடனே பாஸ்டன், கெல்சி மிட்செல் ரெண்டு பேரும் தயாரா இருந்தாங்க, அவ டீம் இண்டியானா ஃபீவர் 2023ல 13 வெற்றி, 2024ல 20, அதுக்கு முன்னாடி 2016க்கு அப்புறம் பிளே-ஆஃபே பாக்காத டீம். பெக்கர்ஸுக்கு அந்த துணை கிடைச்சா என்ன ஆகும்னு பாக்க எனக்கு ரொம்ப ஆசை.

கேள்வி: 2025ல கிளார்க் இல்லாமலே ஃபீவர் செமிஃபைனல் போச்சே, அப்போ அவங்க தேவையே இல்லையா?

காயத்தால கிளார்க் அந்த வருஷம் 13 மேட்ச்தான் ஆடினா, அப்பவும் டீம் லாஸ் வேகஸ் ஏசஸ் கூட அஞ்சாவது மேட்ச் ஓவர்டைம் வரைக்கும் போய்தான் தோத்துது. எனக்கு அதுல பாஸ்டன்தான் தெரிஞ்சா. 2023ல முதல் பிக், ஒரு ஓட்டு கூட மாறாம ரூக்கி ஆஃப் தி இயர், வர்ஜின் தீவுகள்ல இருந்து வந்த பொண்ணு. சத்தம் போடாம ஸ்க்ரீன் வெப்பா, ரீபவுண்ட் எடுப்பா, பாஸும் போடுவா. இந்த கிளார்க்-ரீஸ் சண்டைல அவளை எல்லாரும் மறந்துட்டீங்க.

கேள்வி: இவங்கள்லாம் ஏன் இப்படி முட்டி உடைஞ்சு உக்காந்துடறாங்க?

ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளை புடிச்சு வெக்கற நார்) கிழியறது பொண்ணுங்களுக்கு பசங்களை விட ரொம்ப அதிகம். எம்பி இறங்கறப்ப முட்டி உள்பக்கமா சாயறது ஒரு முக்கிய காரணம், இடுப்பு எலும்பு அமைப்பு, தொடை தசை பலம் எல்லாம் சேரும். பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்ட்ல கிழிஞ்சு ஒரு சீசன் முழுக்க போச்சு. ஸ்பார்க்ஸ் டீம் கேமரன் பிரிங்குக்கு 2024 ஜூன்ல, திரும்பி வந்தது 2025 ஜூலை கடைசியில. காலேஜ்ல ஜூஜு வாட்கின்ஸுக்கு 2025 மார்ச்ல. தடுக்க வழி இருக்கு, முட்டியை மடக்கி, ரெண்டு காலும் தோள் அகலத்துல வெச்சு இறங்கற பயிற்சி. தினம் பத்து நிமிஷம் போதும், ஆனா நம்ம கோச் யாரும் எங்களுக்கு இதை சொல்லித் தரல.

கேள்வி: அடுத்த பெரிய ஸ்டார் யாரு?

டொமினிக் மலோங்கா. கேமரூன்ல பொறந்து பிரான்ஸ்ல வளந்தவ, 6 அடி 6 அங்குலம், டங்க் பண்ணுவா, அதாவது எம்பி பந்தை நேரா ரிங்குக்குள்ள அழுத்துவா. 2025ல சியாட்டில் ரெண்டாவது பிக்கா எடுத்தப்போ வயசு 19. அமெரிக்க பொண்ணுங்க 22 வயசு ஆகற வருஷம்தான் வரலாம், வெளிநாட்டவங்களுக்கு 20 ஆகற வருஷம் போதும், அதனால இவ்ளோ சின்ன வயசுல வந்தா. பாயிண்ட் கம்மின்னு ஒதுக்காதீங்க, மூணு வருஷம் கழிச்சு வந்து இந்த பதிலை படிங்க. அதே டிராஃப்ட்ல வாஷிங்டன் எடுத்த சோனியா சிட்ரான், கிகி இரியாஃபென் ரெண்டு பேரும் முதல் வருஷமே ஆல்-ஸ்டார், அதாவது லீக்லயே சிறந்தவங்க ஆடற மேட்சுக்கு தேர்வானவங்க.

கேள்வி: இவ்ளோ பேர் வாங்கியும் சம்பளம் கம்மின்னு சொல்றாங்களே, உண்மையா?

2025 சீசன் வரைக்கும் உண்மைதான். 2024ல கிளார்க்கோட முதல் வருஷ சம்பளம் 76,535 டாலர். அவளால ஃபீவர் ஹோம் மேட்சுக்கு சராசரி கூட்டம் 4 ஆயிரம் சொச்சத்துல இருந்து 17 ஆயிரமா ஏறுச்சு! 2025 ஆல்-ஸ்டார் மேட்சுக்கு எல்லா ஆட்டக்காரங்களும் "எங்களுக்கு தர வேண்டியதை தாங்க"ன்னு எழுதின டீ-ஷர்ட் போட்டு வந்தாங்க. அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல.

கேள்வி: என் பொண்ணுக்கு 10 வயசு. கிளார்க் வீடியோ பாத்துட்டு தூரத்துல இருந்தே எறியறா. விடலாமா மேடம்?

இப்போதைக்கு வேண்டாம்மா. தூரத்துல இருந்து எறிய பலம் பத்தாம தோளுக்கு கீழ இருந்து வீசுவா, அந்த பழக்கம் அப்புறம் போகவே போகாது. 5ம் நம்பர் பந்து வாங்கிக் குடுங்க, 6ம் நம்பர் 12 வயசுக்கு மேல. ரிங்குக்கு பக்கத்துல நின்னு ஒரு கையால போட சொல்லுங்க, சுத்தமா விழ ஆரம்பிச்சா ஒரு அடி பின்னால. கிளார்க்கும் சின்ன வயசுல பொண்ணுங்க டீம் கிடைக்காம பசங்க கூடதான் ஆடினா. வீட்டு வாசல்ல இருந்த சிமெண்ட் தரை த்ரீ கோடு போட பத்தலன்னு அவ அப்பா பக்கத்துல இருந்த புல்தரையை வெட்டி எடுத்து தரையை பெருசாக்கினாராம். உங்க பொண்ணுக்கும் அந்த தூரம் வரப்போ வரும், அதுவரைக்கும் கிட்ட நின்னே போடட்டும்.